மாடிப்படியும் அடைப்புக்குறியும்

என் கண்ணுக்கு,

போன் எடுத்ததும் "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கிறாய். நானும் "சொல்லு கண்ணு" என்கிறேன். கொஞ்ச நேரம் உன் பக்கத்தில் லாரி ஹாரன் மட்டும் கேட்கிறது. பிறகு, "பிரஷர் மாத்திரை போட்டியா?" என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறாய். இந்த மாதம் முழுக்க இதே கதைதான். பெற்றவளின் பிரஷரைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிற பிள்ளை ஓசூர் வட்டாரத்தில் வேறு யாரும் இருக்க முடியாது. அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகைகூட அச்சாகி வந்துவிட்டது. மாப்பிள்ளை வாயில் மட்டும் கொழுக்கட்டை. நீ என்ன சொல்ல வருகிறாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்காமல் இருப்பதும் ஒரு வகைப் பிடிவாதம்தான்; அது எந்தப் பக்கத்து ரத்தம் என்று உன் அப்பாவைக் கேட்டால் உடனே சொல்வார். அதனால் நானே எழுதுகிறேன். கணக்கு டீச்சர் கடிதம் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நடுவில் கரும்பலகையும் வரும். பொறுத்துக்கொள்.

முதலில் ஒரு நன்றி. நாலு வருஷமாக நெஞ்சில் கிடக்கிறது. அதைச் சொல்லாமல் மற்றதைப் பேசினால் எனக்கே நியாயமாகப் படாது. நீ படித்து முடித்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது அது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி வந்த முதல் மார்கழி. நாற்பத்தைந்து வயதுக்குமேல் பகுதி நேரமாக பிஎச்.டி. பதிவு செய்துகொண்டு, பகலெல்லாம் பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அணிகளும் வகைக்கெழுவும் நடத்திவிட்டு, மிச்ச நேரத்தில் நான் ஆக்டோனியன் என்ற எண்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்த காலம். மத்திகிரியில் நம் எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வாசலில் நிறுத்தி, "டீச்சர், நீங்க ஆக்டோனியன்ல இருக்கீங்களாமே, அது எந்தப் பக்கம் இருக்குது? எம் பையனுக்கு ஒரு வேல சொல்லுங்க" என்றாள். நம் ஊரில் புதிதாகக் காதில் விழும் பெயர் எல்லாமே கம்பெனிதானே. நீயும் அப்பாவும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். அப்புறம் நான் கல்லூரிக்குக் கிளம்பினால், "அம்மாவுக்கு ஆக்டோனியன்ல ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்" என்பாய்.

இதைப் படிக்கப்போகும் என் வருங்கால மருமகள் ரூபாவுக்காகக் கரும்பலகையை இப்போதே எடுத்துவிடுகிறேன். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, காட்டாமல் மறைக்காதே. நான் வேலை செய்த எண்கள் ஒவ்வொன்றும் எட்டு இடம் கொண்டவை. ஒவ்வோர் இடத்திலும் பூஜ்யம் அல்லது ஒன்று, வேறு எண்ணே கிடையாது. இரண்டே எண்கள் உள்ள களம் அது. அங்கே ஒன்றையும் ஒன்றையும் கூட்டினால் பூஜ்யம். உனக்கு இதை நான் சொல்லிக் கொடுத்தது, அப்போது நாம் குடியிருந்த வாடகை வீட்டு மாடிப்படி விளக்கை வைத்து. மேலே ஒரு ஸ்விட்ச், கீழே ஒரு ஸ்விட்ச். ஒன்றைத் தட்டினால் எரியும், இன்னொன்றையும் தட்டினால் பழையபடி அணைந்துவிடும். எட்டு இடம், இடத்துக்கு இரண்டு வாய்ப்பு என்றால் மொத்தம் இருநூற்று ஐம்பத்தாறு எண்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக்கு உட்காரும் கூட்டம். இவற்றைக் கூட்டுவது சுலபம். பெருக்கத்தான் தனி விதி, அந்த விதியில் இரண்டு வினோதம் உண்டு. ஒன்று, பூஜ்யம் அல்லாத இரண்டைப் பெருக்கினால்கூடப் பூஜ்யம் வரலாம். உன் அப்பாவும் கோவில்பட்டிப் பெரியப்பாவும் போல. தனித்தனியே இரண்டு பேரும் தங்கம், சேர்த்து உட்கார வைத்தால் ஒரு வார்த்தை பிறக்காது. மற்றது, மூன்று எண்களைப் பெருக்கும்போது எந்த இரண்டை முதலில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். பள்ளிக்கூடத்தில் படித்த சேர்ப்பு விதி இங்கே செல்லாது. அடைப்புக்குறி எங்கே என்று சொல்லாதவரை அது பெருக்கலே இல்லை. மூன்று, ஐந்து, ஏழு எண்கள் கொண்ட பெரிய களங்களுக்குப் போனாலும் இந்த இரண்டு குணமும் கூடவே வரும்.

சமச்சீர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பந்தியில் இருக்கும் அத்தனை பேரையும் இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டும். ஆனால் யாரும் யாரும் சேர்ந்தால் யார் கிடைப்பார் என்ற உறவு மட்டும் கெடக்கூடாது. கண்டபடி மாற்றினால் கெட்டுவிடும். கெடாமல் மாற்றும் வழிகள் பன்னிரண்டாயிரத்துத் தொண்ணூற்றாறு. அவை எல்லாம் சேர்ந்ததுதான் அந்த எண்களின் சமச்சீர்க் குலம். அதை எண்ணியது நான் இல்லை, எனக்கு முன்பே பெரியவர்கள் எண்ணி வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது ஒன்று உண்டு. எல்லோரையும் கண்காணிக்க வேண்டியதில்லை. சரியான மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் எங்கே போய் உட்கார்ந்தார்கள் என்று பார்த்தால் போதும், மற்றவர்கள் இடம் தானாகத் தெரிந்துவிடும். நம் வீட்டில் வாழ்ந்தவளுக்கு இதை நம்புவது கஷ்டமில்லை. அப்பாவுக்கு எந்த ஷிஃப்ட், உனக்கு எந்த பஸ், எனக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்ற மூன்றும் தெரிந்தால் பால் எப்போது காயும், யார் கையில் சாவி இருக்கும், எவர் மூஞ்சி எப்போது கடுகடு என்று இருக்கும் என்று எல்லாமே தெரிந்துவிடும்.

என் ஆய்வு, பெருக்கினால் பூஜ்யமாகிற ஜோடிகளை இந்தக் குலம் எப்படி இடம் மாற்றுகிறது என்று வகை பிரிப்பது. நாலாவது அத்தியாயத்தில் ஒரு லெம்மா, அதாவது ஒரு துணைத் தேற்றம். முதல் எண்ணும் இரண்டாம் எண்ணும் பெருக்கினால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். அப்படியானால் இரண்டாவதை வேறு எந்த மூன்றாவதோடு பெருக்கிவிட்டு வந்து முதலாவதோடு சேர்த்தாலும் பூஜ்யமே வரும் என்று எழுதியிருந்தேன். நிரூபணம் ஒரே வரி. அந்த ஒரு வரியின் நடுவில் அடைப்புக்குறியை இடப்பக்கம் நகர்த்தியிருந்தேன். நகர்த்தியதே எனக்குத் தெரியாது. வருஷக்கணக்காக அணிகளைப் பெருக்கிக் காட்டிய கை அது. அணிகளில் அடைப்புக்குறியை எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம், கரும்பலகையில் தினமும் தள்ளிக்கொண்டிருந்தேன். முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில், "இங்கே சேர்ப்பு விதி பொருந்தாது" என்று எழுதியதும் நான்தான். பின்னால் இது தெரிந்தபோது உன் அப்பா, "சேஃப்டி போர்டு மாட்டுனவந்தான் மொதல்ல மெஷின்ல கைய விடுவான். எங்க மெஷின் ஷாப்புல பாத்திருக்கேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லிச் சிரித்ததில் எனக்கு ஒரு வாரம் கோபம்.

அந்த மார்கழியில் ஒரு சனிக்கிழமை நான் சமையலறையில் உட்கார்ந்து, ஊறவைத்த மொச்சையைத் தோல் நீக்கிப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். ஆய்வேடு தட்டச்சாகி அலமாரியில் இருந்தது. அடுத்த வாரம் சேலத்துக்குக் கொண்டுபோய்க் கைடிடம் கொடுக்க வேண்டும். நீ சும்மா இருக்க முடியாமல், புதிதாகக் கற்ற வித்தையைக் காட்ட, என் எண்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றி லெம்மாக்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாய். இருநூற்று ஐம்பத்தாறில் மூன்று மூன்றாக எடுத்தால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம். மனுஷி உட்கார்ந்து பார்க்கிற வேலையா அது? கதவோரம் வந்து நின்றாய்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. அப்பிடியே ஒக்காந்து ரெண்டு புதுக்கு."

"நாலாவது சாப்டர்ல மூணாவது லெம்மா... ஓடலம்மா."

"ஒம் ப்ரோகிராம்ல தப்பு இருக்கும். போய்ப் பாரு."

"மூணு தடவ பாத்துட்டன். ப்ரோகிராம் ஓடுது. லெம்மாதான் ஓடல."

"நீ பொறக்கறதுக்கு மின்னாடியிருந்து நான் கணக்கு சொல்லித் தர்றன். வேலைக்குச் சேந்து ஆறு மாசம் ஆவல, நீ எனக்குச் சொல்றியா?"

நீ மூன்று வரிசையாகப் பூஜ்யமும் ஒன்றும் எழுதிய ஒரு தாளை மொச்சைத் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாய். போகும்போது, "வேற யாராச்சும் அப்புறமா சொன்னா உனக்குத் தாங்காதும்மா. அதான்" என்றாய். நான் அந்தத் தாளின் மேல் மொச்சைத் தோலைப் போட்டேன். அதற்குப் பிறகு உன்னோடு பேசவில்லை. சோறு போட்டேன், சட்டை இஸ்திரி போட்டேன், பேசவில்லை.

தோலைத் தட்டிவிட்டு அந்தத் தாளைப் பையில் எடுத்து வைத்தேன் என்பது உனக்குத் தெரியாது. சேலம் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நாலுவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் வண்டி ஊர்ந்தது. கிருஷ்ணகிரி தாண்டியதும் பையிலிருந்து தாளை எடுத்து, உன் தப்பைக் கண்டுபிடித்து உனக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும் என்ற ஆசையோடு பெருக்க ஆரம்பித்தேன். முதலாவதும் இரண்டாவதும் பூஜ்யம், சரி. இரண்டாவதையும் மூன்றாவதையும் பெருக்கினேன். அதை முதலாவதோடு சேர்த்தேன். பூஜ்யம் வரவில்லை. மறுபடி செய்தேன், வரவில்லை. நான் பிறந்த ஊர் காவேரிப்பட்டினம், அது வந்ததும் போனதும் தெரியவில்லை. தென்பெண்ணைப் பாலத்தில் வண்டி குலுங்கியபோதுதான் நிமிர்ந்தேன். கண்ணு, அந்த இடத்தில் என் மனசில் ஓடியதை மறைக்க மாட்டேன். கைடு எல்லா அத்தியாயமும் படித்துச் சரி என்று சொல்லியாயிற்று. பார்க்க வேண்டியவர் கண்ணிலேயே இத்தனை நாள் படாதது தேர்வாளர் கண்ணில் படுமா? வாயை மூடிக்கொண்டு கொடுத்துவிட்டு வந்தால் டாக்டர் பட்டம். திறந்தால் அத்தனை வருஷ உழைப்பில் பாதி போச்சு, இந்த வயதில் மறுபடி முதலிலிருந்து. நான் வாயை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் மொச்சைத் தட்டுக்குப் பக்கத்தில் நீ நின்ற நிற்பு ஞாபகத்துக்கு வந்தது. உனக்கும் வாயை மூடிக்கொள்ளும் வசதி இருந்தது, என் கோபம் எப்படிப்பட்டது என்பது பிறந்ததிலிருந்து தெரிந்தவன் நீ. அப்படியும் வந்து சொன்னாய். நீ செய்ததை நான் செய்யாவிட்டால் உன் முகத்தில் விழிக்க முடியாது என்று தோன்றியது.

கைடு ஐயா தாளை வாங்கிப் பார்த்தார், பெருக்கிப் பார்த்தார், சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது.

"இதுக்குப் போயி ஏம்மா அழுவுறீங்க? எந்த ஜோடிக்கு இது பொய்யி, எந்த ஜோடிக்கு மெய்யின்னு பிரிச்சு எழுதுங்க. அதுதானுங்க நாலாவது அத்தியாயம். இப்ப இருக்கறது வெறும் ஒரு வரி" என்றார். பிறகு, "யாரு புடிச்சது?" என்று கேட்டார்.

"எம் பையனுங்க சார்."

"அவனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் குடுங்க."

நான் வாங்கித் தரவில்லை. வீட்டுக்கு வந்து, "கைடு கொஞ்சம் திருத்தம் சொல்லியிருக்கார்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, உனக்குக் குழம்பு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று உன் அப்பா சமாதானம் சொன்னார். யானை சறுக்கினால் குட்டியிடம் ஒப்புக்கொள்ளுமா என்பதைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வார்த்தை உன் வாயிலிருந்து அன்றும் வரவில்லை, இன்றுவரை வரவில்லை. இரண்டு வருஷம் சனி ஞாயிறெல்லாம் என் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று எண்கள் உள்ள களத்துக்கும் புரோகிராம் எழுதினாய். ஆறாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் எண்கள், நம் பழைய கம்ப்யூட்டர் ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுத்தது. கடைசியில், மூன்றாவதாக யார் வந்தாலும் பூஜ்யம் அசையாமல் நிற்பது ஒரே ஒரு வகை ஜோடிக்கு மட்டும்தான் என்று நிரூபித்தோம். அந்த நிரூபணம் அடைப்புக்குறியை நகர்த்தாமல் நின்றது. வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் அதே இடத்தில் விரலை வைத்து, "இங்கே இதை இப்படி மாற்றிச் சேர்த்தால் வேலை சுலபமாகுமே?" என்று கேட்டார். "கூடாதுங்க" என்றேன். ஏன் கூடாது என்று கரும்பலகையில் உன்னுடைய மூன்று வரிசைகளை எழுதிக் காட்டினேன். கடைசி பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய். உன்னைத்தான் பார்த்தேன், ஆனால் சொல்லவில்லை. ஆய்வேட்டின் நன்றியுரையிலும் உன் பெயருக்குப் பக்கத்தில் "கணினி உதவிக்கு" என்று எழுதியதோடு சரி. கணினி உதவியா அது? நான் பொய்யாக ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டியிருப்பேன். அதிலிருந்து என்னைக் காப்பாற்றியவன் நீ. உன்னைப் பெற்றதற்காக நான் சந்தோஷப்பட்ட நாட்கள் நிறைய உண்டு. அந்தப் பாலத்தின் மேல் முதல்முறையாக உன்னை மதித்தேன். என் தங்கமே, உனக்கு நன்றி.

இப்போது வீட்டு விஷயம். நிச்சயதார்த்தம் முடிந்ததும் நான் செய்த முதல் காரியம் மேஸ்திரி முனிராஜுவைக் கூப்பிட்டு மாடி போடச் சொன்னது. நீங்கள் இரண்டு பேரும் இருக்க ஓர் அறை, ஒரு சமையலறை, எதிரே ஒரு சிட்அவுட். அவர் கயிறு பிடித்துக்கொண்டே, "அக்கா, படி உள்ள வெக்கிறதா, வெளிய வெக்கிறதா?" என்று கேட்டார். "உள்ளதான். எம் பையன் என்ன வாடகைக்காரனா, வெளிப்படியில ஏறிப் போறதுக்கு?" என்றேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஓசூரில் பாதி வீட்டுக்கு மாடி போட்ட மனுஷன். "செரிங்க அக்கா, உங்க இஷ்டம்" என்று கூடத்துக்கு நடுவில் படியைக் கட்டிவிட்டார். மேலே போகிறவர்கள் என் டி.வி.க்கும் எனக்கும் நடுவில் புகுந்துதான் போக வேண்டும்.

போன மாதம் ரூபாவை அழைத்துக்கொண்டு வந்து காட்டினாய். அந்தக் கன்னடப் பெண் அத்திப்பள்ளியிலிருந்து வருவதற்குள் தமிழில் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். மாடியைப் பார்த்து, "சென்னாகிதே அத்தே, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். அவள் வீட்டிலும் மொச்சையைப் பிதுக்கித்தான் குழம்பு வைப்பார்கள் என்று சொன்னபோது எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. கீழே இறங்கும்போது படியில் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அத்தே, எனக்கு வாரத்துல ரெண்டு நாளு நைட் ஷிஃப்ட். விடியங்காட்டி வந்தா உங்கள எழுப்பணுமே?"

"எழுப்புனா என்ன? நான் எந்திரிச்சு டீ போட்டுத் தர்றன்" என்றேன்.

அவள் உன்னைப் பார்த்தாள். நீ படியருகே இருந்த ஸ்விட்சைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தாய். பல்பு போய்விடும், விடு என்று உன்னைத் திட்டினேன்.

பிறகு உன் அப்பா அத்திப்பள்ளிக்குப் போய்ச் சம்பந்தியோடு டீ குடித்துவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டியபடியே, "பய ஒங்கிட்ட சொல்லப் பயப்படுதான்" என்றார். "என்ன சொல்ல?" "சந்தாபுரத்துல வீடு பாத்திருக்காங்களாம். ரெண்டு பேருக்கும் ஆபீஸுக்குப் பக்கம். நீ மாடியக் கட்டிட்டியேன்னு ரூபா அப்பாவுக்கே சங்கடமாப் போச்சு." நான் அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? யாரோ ஒரு வீட்டு ஓனரிடம் வாய் திறந்த பிள்ளை என்னிடம் திறக்கவில்லையே என்று அழுதேன். பெற்றது நான், மாடி கட்டியது நான், மாத்திரை போட்டேனா என்று மட்டும் எனக்கு ஒரு போன். அப்பாவிடம் உன்னைப் பற்றி நிறையப் பேசினேன், அதில் எதுவும் இங்கே எழுதும்படியாக இல்லை. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அன்னைக்கு லெம்மாவுக்கு அவன்ட்ட எத்தன நா பேசாம இருந்த?" என்றார். பிறகு தூங்கப் போய்விட்டார்.

மறுநாள் மாடிப்படி துடைக்கும்போது அந்த ஸ்விட்சையும் துடைத்தேன். என் ஆய்வேட்டில் நான் மிகவும் ரசித்து எழுதிய தேற்றம் ஒன்று உண்டு. அதுவும் பெரியவர்கள் கண்டுபிடித்ததுதான். இந்த வினோத எண்களில் எந்த இரண்டை எடுத்துக்கொண்டாலும், அந்த இரண்டும் அவற்றிலிருந்து பிறப்பவையும் மட்டும் இருக்கும்வரை அடைப்புக்குறி தேவையே இல்லை. எப்படிச் சேர்த்தாலும் ஒரே விடை. வெளியிலிருந்து மூன்றாவது ஒன்று வரும்போதுதான் யாரை முதலில் யாரோடு சேர்த்தாய் என்ற கேள்வியே எழுகிறது. இத்தனை வருஷம் நீயும் நானும் ஓர் அடைப்புக்குள் இருந்தோம், அதற்குப் பக்கத்தில் ரூபாவைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் கூடத்துக்கு நடுவில் சிமெண்டில் எழுதி வைத்திருக்கிறேன். மறுபடியும் அதே கை, அதே நகர்த்தல். இப்போது முதலில் சேர வேண்டியது நீயும் அவளும். அதன் பிறகுதான் நான். அடைப்புக்குறிக்கு வெளியே இருப்பவள் கணக்கை விட்டு வெளியே போனவள் இல்லை, நானும் பெருக்கலில் இருக்கத்தான் போகிறேன். அதனால் பயப்படாதே.

இது வெறும் கரும்பலகைப் பேச்சு என்று நினைத்துவிடாதே. எனக்குக் கல்யாணமான புதிதில், உன் அப்பாவின் அக்கா கோவில்பட்டியிலிருந்து வந்து தங்கியிருந்தார். நான் கல்லூரி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியதும் இறங்காததுமாக உன் அப்பா, "அக்கா சொல்லுச்சு, கொழம்பு தண்ணியா இருக்காம்" என்றார். இரண்டு வருஷம் அந்த அக்காவிடம் நான் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போது, "என்னம்மா, உங்க ஊரு கொழம்பு அந்தத் தென்பெண்ண ஆறு கணக்கா ஓடுதே" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அதே மூன்று பேர், அதே குழம்பு. நேரே வந்தபோது சிரிப்பு, உன் அப்பா வழியாக வந்தபோது சண்டை. அதனால் நான் ரூபாவைப் பற்றி ஏதாவது சொன்னால் அதை அவளிடம் தூக்கிக்கொண்டு போகாதே. அவள் என்னைப் பற்றிச் சொல்வதை என்னிடம் கொண்டுவராதே. எங்கள் சண்டையை நாங்களே போட்டுக்கொள்கிறோம், எங்களுக்கு அதற்குத் தெம்பு இருக்கிறது. அவள் உன்னிடம் வந்து உன் கணக்கு தப்பு என்று சொன்னால், உன் அம்மா மாதிரி மொச்சைத் தோலைப் போட்டு மூடாதே. எடுத்துப் பெருக்கிப் பார். சரியாக இருந்தால் அன்றைக்கே சரி என்று சொல்லிவிடு. பேருந்து ஏறி ஆற்றுப் பாலம்வரை போக வேண்டியதில்லை.

முனிராஜு போன வாரம் மறுபடி வந்தார். பட்டறையில் சொல்லி வெளிப்பக்கம் ஓர் இரும்புப் படி வைத்தாயிற்று. "நான் அன்னிக்கே கேட்டனே அக்கா" என்றார். அவருக்கு உன் பொறுமை கிடையாது. உள்படிக்குமேல் ஒரு கதவும் போட்டுவிட்டோம். எலெக்ட்ரீஷியன் கீழே இருக்கும் ஸ்விட்சை என்ன செய்வது என்று கேட்டான், கழற்றிவிடு என்றேன். மேலே விளக்கு எரிவதும் அணைவதும் இனி மேலே இருப்பவர்கள் பாடு. இதையெல்லாம் நீங்கள் இங்கே வர வேண்டும் என்பதற்காகச் செய்யவில்லை. வந்தால் அது உங்கள் படி. சந்தாபுரம்தான் என்றால் மாடியில் ஃபேக்டரிப் பையன்கள் யாராவது குடிவரட்டும். மத்திகிரியில் வீட்டுக்கு ஆளா இல்லை? செக்போஸ்ட்டைத் தாண்டினால் சந்தாபுரம். எனக்குக் குழம்பு கொண்டுவரத் தெரியும். வருவதற்கு முன் போன் செய்துவிட்டு வரவும் பழகிக்கொள்கிறேன். வீட்டைப் பற்றி முடிவு செய்ய வேண்டியது நீங்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, வேறு யாரையும் நடுவில் வைக்காமல். எனக்கு மனசு வலிக்காதா என்று நீ கேட்கலாம். வலிக்கும். கொஞ்ச நாள் வலிக்கும். உனக்கு உண்மையைச் சொல்லத் தெரியும் என்ற நன்றி அதைவிடப் பெரிதாக இருக்கிறது. அது மறந்துபோய்விடக்கூடாது என்பதுதான் என் கவலை.

இந்தச் சனிக்கிழமை வா. ரூபாவையும் கூட்டிக்கொண்டு வா, மொச்சை ஊறப்போட்டு வைக்கிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து பிதுக்கலாம். மாத்திரையைப் பற்றிக் கேட்காதே, போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கதவோரம் வந்து நின்று, அன்றைக்குச் சொன்ன மாதிரியே "அம்மா, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பி. அன்றைக்கு நான் சொல்லாமல் விழுங்கிய பதிலை இந்தத் தடவை நீ கேட்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன், பின்னால் நான் மறுக்க முடியாதபடி.

நீ சொல்வது சரி, கண்ணு.

உன் அம்மா